இருட்டில் பற்றிய கை

வெயில் இறங்கி வெகுநேரமாகியும் முர்ஜா மேட்டுப் பாறைகள் ஆறவில்லை. காரை நிறுத்திய இடத்தில் வழிகாட்டி ரொசால்பா ஒவ்வொருவர் தலையிலும் டார்ச்சைக் கட்டி, பட்டையை இறுக்கிவிட்டாள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மத்தேரா நகரம் குகை குகையாக மஞ்சள் வெளிச்சத்தில் கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு விளக்குகூடக் கிடையாது. இரவு நடைக்கு வருகிறவர்கள் அந்த இருட்டுக்காகத்தான் வருகிறார்கள்.

அன்று மூன்றே பேர். பாரி நகரத்தில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் சவேரியோ, அவன் மனைவி மரிலேனா, தூரின் நகரத்திலிருந்து தனியாக வந்திருந்த பிரிஜிதா. பிரிஜிதாவுக்கு எழுபது இருக்கும். நடையில் அது தெரியவில்லை.

"நான் இந்த ஊர்க்காரிதான்," என்றாள் அவள். "அதோ, அந்தக் குகையிலதான் பொறந்தேன். சின்னப் பிள்ளையா இருக்கும்போது அரசாங்கம் எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிடுச்சு. போனவ இப்பத்தான் வர்றேன்."

"அப்ப வழி தப்பினா நீங்கதான் எங்களைக் கரைசேர்க்கணும் அத்தை," என்றான் சவேரியோ.

"பாரிக்காரனைக் கரைசேர்க்க மாதாவாலயே முடியாது," என்றான் விதாந்தோனியோ. ரொசால்பாவின் கணவன். கூட்டத்துக்குக் கடைசியில் வருவது அவன் வேலை.

சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள். காலடியில் காட்டுத் தைம் செடி நசுங்கி மணத்தது. கற்கால ஊரின் அகழி வந்ததும் ரொசால்பா நின்றாள். வெறும் பாறையில் கல்லாலேயே வெட்டிய அகழி, ஊரை வளைத்துக்கொண்டு இருட்டுக்குள் போயிற்று. உள்ளே குடிசைக் கம்பு நட்ட குழிகள். ஓரிடத்தில் ஆழம் குறைந்த ஒரு பள்ளம்.

"இங்க ஒருத்தரைப் புதைச்சிருந்தாங்க. ஒருக்களிச்சு, முட்டியை நெஞ்சோட மடக்கி. அகழி வந்து, வெளியில இருக்கிற மிருகம் உள்ள வராம இருக்கன்னு சொல்றாங்க."

"உள்ள இருந்தது வெளிய போகாம இருக்கவும் வெட்டியிருக்கலாம்," என்றான் சவேரியோ.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சரிவில் இறங்கினால் கண்ணில்லாத மாதா கோயில். துறவிகள் பாறையைக் குடைந்து செய்தது. சுவரில் இருக்கும் மாதாவின் கண்களை என்றோ யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். பீடத்துக்குப் பின்னால் தாழ்வாக ஒரு துளை இருந்தது. குடைந்துகொண்டே போன துறவிகள் தங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு மூத்த ஒரு கல்லறையின் சுவரை உடைத்துத் திறந்துவிட்டார்கள் என்பார்கள். அதற்குமேல் அவர்கள் குடையவில்லை.

"எல்லாரும் விளக்கை அணைங்க. கொஞ்ச நேரம் பேசாம நில்லுங்க," என்றாள் ரொசால்பா. ஒவ்வொரு நடையிலும் செய்வதுதான். அவள் மட்டும் வாசலில் நின்றுகொண்டாள்.

விளக்குகள் அணைந்தன.

ஈரச் சுண்ணாம்பு வாசம். பழைய புகை வாசம். பிறகு மெல்ல, அப்போதுதான் தோண்டிய மண்ணின் வாசம். உள்ளே யாரோ விசும்புவதுபோல் மூச்சை இழுத்தார்கள்.

"போதும், விளக்கைப் போடுங்க," என்றாள் ரொசால்பா, வழக்கத்தைவிடச் சீக்கிரமாக.

மேலே ஏறும் பாதையில் மரிலேனா கணவனிடம் கிசுகிசுத்தாள். "நல்லவேளை, நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டே. இல்லேன்னா கத்தியிருப்பேன்."

"நானா? நீதானே பிடிச்சே?" சவேரியோ சிரிக்கப் போனான். சிரிப்பு வரவில்லை. "முதல்ல நீதான்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா... சுண்டுவிரல் இல்ல."

"என்ன உளர்றே?"

"அப்பா கை, மரிலேனா. எலும்பு அறுக்கிற மிஷின்ல விரல் போச்சே, அந்தக் கை."

அவன் அப்பாவை அடக்கம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மரிலேனா தன் உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு மோதிரம் உறுத்துச்சு," என்றாள், அழுகுரலில். "எங்க அக்காவோடது. அதைப் போட்டுத்தான் அவளைப் புதைச்சோம்."

ரொசால்பா சட்டென்று திரும்பிப் பின்னால் வெளிச்சம் அடித்தாள். பாதையில் விதாந்தோனியோ மட்டும் வந்துகொண்டிருந்தான்.

"அத்தை எங்க?"

"பாறைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிட்டு வர்றேன், நீ நடன்னாங்க. மெதுவாத்தான் வந்தேன்..." அவன் முகம் மாறியது. "நான் போய்ப் பார்க்கிறேன்."

"நீ இவங்களோட இரு. ரெண்டு பேரையும் விட்டு நகராதே." ரொசால்பா கீழே ஓடினாள்.

கோயில் காலியாக இருந்தது.

டார்ச் வெளிச்சம் சுவரைத் தடவிப் பீடத்துக்குப் பின்னால் போனது. துளையின் விளிம்பில் இரண்டு பூட்ஸ் அடிப்பாகங்கள் தெரிந்தன.

கல்லறைக்குள் பிரிஜிதா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முட்டிகள் நெஞ்சோடு மடங்கியிருந்தன. ஒரு கை மட்டும் உள்பக்கத்து இருட்டை நோக்கி நீண்டிருந்தது.

"அத்தை, எந்திரிங்க."

"சத்தம் போடாதே பொண்ணே. இப்பத்தான் கண்ணை மூடினான்."

"யாரு?"

"என் தம்பி நிக்கோலினோ. நாங்க குகையில இருந்த கடைசி வருஷம் காய்ச்சல்ல கிடந்தான். ராத்திரி முழுக்க என் கையை விடவே இல்ல. காலையில பெரியவங்க வந்து, விரல் விரலா பிரிச்சுத்தான் தூக்கிட்டுப் போனாங்க."

ரொசால்பா குனிந்து அந்தக் கைமேல் வெளிச்சம் அடித்தாள். பிரிஜிதாவின் பிடிக்குள் ஒன்றுமில்லை. ஆனால் அவள் புறங்கையின் தோல் நான்கு இடத்தில் குழிந்து, ரத்தம் ஓடாமல் வெளுத்திருந்தது.

யாரோ அழுத்திப் பிடித்திருப்பதுபோல்.

ரொசால்பா அவள் இடுப்பைக் கட்டி இழுத்தாள். பிரிஜிதா நகர்ந்தாள். வெளியே அல்ல. உள்ளே. கல் தரையில் பூட்ஸ் உராய்ந்தது. மணிக்கட்டு மளுக்கென்றது.

"அத்தை! வலிக்குதா?"

பிரிஜிதா இருட்டைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"உங்க தம்பி உங்களுக்கு வலிக்கிற மாதிரி இழுப்பானா? சொல்லுங்க!"

பிரிஜிதாவின் முகத்திலிருந்த புன்னகை மெல்லக் கலைந்தது. நெடுநேரம் யோசிப்பவள்போல இருட்டையே பார்த்தாள்.

"அவனுக்கு நாலு வயசு," என்றாள், மிகத் தாழ்ந்த குரலில். "அந்தக் காய்ச்சல்ல ரொட்டித் துண்டைப் பிடிக்கக்கூடத் தெம்பு இல்ல." பிறகு அந்த இருட்டிடமே சொன்னாள்: "நீ யாரு?"

அவளாகவே விரல்களை விரித்தாள்.

அது விடவில்லை.

ரொசால்பா யோசிக்கவில்லை. துளைக்குள் தோள்வரை கையை நீட்டி, அந்த வெளுத்த இடத்துக்குக் கீழே தன் விரல்களைச் செருகி நெம்பினாள். பிடி தளர்ந்தது. பிரிஜிதா வெளிப்பக்கமாகப் புரண்டு விழுந்தாள்.

அடுத்த கணம் அந்தப் பிடி ரொசால்பாவின் கைக்கு மாறியது.

அவ்வளவு பயத்திலும் அவள் ஒன்றை எதிர்பார்த்தாள். சிமென்ட் பூத்துக் காய்த்துப்போன அப்பாவின் கை. போய்ச் சேர்ந்தவர்களில் அவளுக்கு நெருக்கமானவர் அவர் ஒருவர்தான்.

அது அப்பாவின் கை இல்லை. அவளுக்குத் தெரிந்த யாருடைய கையும் இல்லை. குழந்தையுடையதுபோலச் சிறியது. உள்ளங்கை மட்டும் அம்மிக்கல்லாய்ச் சொரசொரத்தது. நகங்கள் உள்பக்கமாக வளைந்திருந்தன. அவளிடம் அது யாராகவும் நடிக்கவில்லை.

இழுக்கவும் இல்லை. கண் தெரியாதவர் முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல், அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. கல்யாண மோதிரத்தைக் கொஞ்ச நேரம் உருட்டியது.

பிறகு, தானாகவே விட்டுவிட்டது.

பிரிஜிதாவைத் தோளில் சாய்த்து மேலே கொண்டுவந்தாள். கார் நிறுத்துமிடத்தில் சவேரியோ தன் கோட்டைக் கழற்றிக் கிழவிக்குப் போர்த்திவிட்டான். "நாங்க விடுதியில விட்டுடறோம் அத்தை. தனியா இருக்க வேண்டாம், மரிலேனா உங்ககூடவே படுத்துக்குவா."

பிரிஜிதா ரொசால்பாவின் கன்னத்தை வீங்கிய கையால் தொட்டாள். "உன் கையைப் பிடிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல அத்தை," என்றாள் ரொசால்பா.

அவர்கள் கார் மறைந்தபின் விதாந்தோனியோ தன் காரைக் கிளப்பினான். ரொசால்பா பக்கத்தில் உட்கார்ந்து, இரு கைகளையும் தொடைகளுக்கிடையில் இறுக்கிக்கொண்டாள். அகழியை ஒட்டிய மண்சாலையில் கார் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. தார்ச்சாலையில் ஏறியதும் மணி அடிக்கத் தொடங்கியது. யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தால் அடிக்கும் மணி.

"நான் போட்டிருக்கேனே," என்றான் விதாந்தோனியோ. காரின் முகப்பில் எரிந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தான். "பின்சீட்டுன்னு காட்டுது. பின்னாடி என்ன வெச்சே?"

"ஒண்ணும் வெக்கல. பையெல்லாம் டிக்கியில இருக்கு."

அவன் வேகத்தைக் குறைத்தான். "இறங்கிப் பார்க்கட்டுமா?"

"நிறுத்தாதே." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "திரும்பிப் பார்க்காதே. ஓட்டு."

வளைவுக்கு வளைவு மணி விடாமல் அடித்தது. கண்ணாடிகள் மூடியிருந்தன. காருக்குள் ஈர மண் வாசம் ஏறியது.

பின்னால், பெல்ட்டை மெல்ல இழுக்கும் சத்தம் கேட்டது.

டக்.

மணி நின்றது.