நூறு வரை எண்ணிய குரல்

சனிக்கிழமை இரவு 8.14. விளக்குகள் எரிந்ததும் யாகோதாவின் அலறல்தான் முதலில் கேட்டது.

“கேசட் எங்க? என் தம்பியோட கேசட் எங்க?”

மேடை மேல், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், டேப் ரிக்கார்டர் வாயைத் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

பெல்கிரேடின் தொர்ச்சோல் பகுதியில், ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடம் அது. மாதம் ஒரு சனிக்கிழமை, ஐம்பதை நெருங்கிய அறுபது பேர் அங்கே கூடி, சின்ன வயதில் ஆடிய கோலி, பாண்டி, கண்ணாமூச்சியெல்லாம் மூச்சு வாங்க ஆடித் தீர்ப்பார்கள். நடத்துபவள் யாகோதா. கண்ணாமூச்சிக்கு நூறு வரை எண்ணுவது மட்டும் அவளுடைய தம்பி பாவ்லே. மோட்டார் சைக்கிள் விபத்தில் அவன் இறந்து இருபத்தெட்டு வருடமாகிறது. பன்னிரண்டு வயதில் விளையாட்டாக எண்ணிப் பதிந்த ஒரு கேசட்டில்தான் அவன் குரல் மிச்சமிருந்தது.

அன்று மாலை ஏழரைக்கு யாகோதா ஓர் அறிவிப்பு செய்திருந்தாள். “இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சதும் கேசட்டோட மறுபக்கத்தையும் போடப் போறேன். இத்தனை வருஷமா கேக்கத் தைரியம் வரல. உங்க எல்லாரோடயும் சேர்ந்து கேட்டுடறேன்.”

8.10க்கு இருட்டு. பாவ்லே எண்ணினான். “நூறு! வரேன்!” என்றான். வெளிச்சம் வந்தது. கேசட் போயிருந்தது.

“யாரும் வெளிய போகக்கூடாது.” கதவை மூடியவள் ராதோய்கா. இருபத்திரண்டு வருடமாக டிராமில் டிக்கெட் பரிசோதகர். தூங்குவது போல நடிப்பவனின் இமையைப் பார்த்தே எழுப்பி அபராதம் போடுகிறவள்.

எல்லார் பார்வையும் லூபிங்கா மேல் விழுந்தது. அந்த ஆட்டத்தில் மற்றவர்களைத் தேட வேண்டியவள் அவள். மேடையை ஒட்டிய சுவரில் முகம் புதைத்து நின்றிருந்தாள்.

“என்னை ஏன் முறைக்கிறீங்க? சுவரு மேடை பக்கத்துல இருந்தா அது என் தப்பா?”

“ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

“பாவ்லே எண்ணினது கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல. வேணும்னா என் பையைக் கொட்டிப் பாரு!” கொட்டினார்கள். உதட்டுச்சாயமும் மூட்டுவலித் தைலமும்தான் இருந்தன. லூபிங்கா அழுதுவிட்டாள்.

அடுத்து மோமிர். பாட்டு, ஒலிபெருக்கியெல்லாம் அவன் பொறுப்பு. பாவ்லேயின் பால்ய சிநேகிதன்.

“டேப்பைப் போட்டது நீதானே?”

“ஆமா. அமுக்கினேன். எண்ண ஆரம்பிச்சான். ஓடிப்போய் அந்தக் கோடியில மெத்தைக்குப் பின்னால விழுந்தேன். இவங்க மூணு பேர் மேலதான் விழுந்தேன், கேட்டுக்கோ.”

“என் விலா எலும்பே சாட்சி,” என்றான் ஒருவன். முப்பது எண்ணுவதற்குள் மோமிர் அங்கே வந்துவிட்டான், பிறகு நகரவேயில்லை என்று மூவருமே சொன்னார்கள். நூறு வரை குரல் கேட்டது. அப்படியானால் கேசட் போனது அதற்குப் பிறகுதான். சந்தேகத்திலிருந்து மோமிர் கழன்றான்.

8.22. ராதோய்கா டேப் ரிக்கார்டரைக் கவிழ்த்துப் பார்த்தாள். பேட்டரி வைக்கும் இடம் காலி.

“பேட்டரி கசிஞ்சு துருப்பிடிச்சுது. சுவத்துல சொருகினாத்தான் ஓடும்,” என்றாள் யாகோதா.

அப்போது கூடத்தின் காவலாளி ஸ்தேவா புலம்பிக்கொண்டே வந்தார். “பாப்கார்ன் மெஷின் பாதியில நின்னுபோச்சு. இந்தக் கல்லை யாரு தின்னுவா?”

ராதோய்கா நிமிர்ந்தாள். கூடைப்பந்துப் பலகையின் மின்கடிகாரத்தில் நான்கு சிவப்புப் பூஜ்யங்கள் மின்னிக்கொண்டிருந்தன.

“ஸ்தேவா மாமா, விளக்கை எப்படி அணைச்சீங்க?”

“சுவிட்சு மக்கர் பண்ணுச்சும்மா. மெயினையே இறக்கிட்டேன்.”

ராதோய்கா மெல்லச் சிரித்தாள். மேடை மேல் ஏறினாள்.

“நூறுக்கு அப்புறம் டேப் பக்கத்துல யார் இருந்தாங்கன்னே எல்லாரும் தேடினோம். ஒண்ணுக்கு முன்னாடி யார் இருந்தாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. கூடம் முழுக்கக் கரண்ட் இல்ல. பாப்கார்ன் நின்னுது, கடிகாரம் நின்னுது. பேட்டரி இல்லாத இந்த டேப் மட்டும் எப்படிப் பாடும்? நாம கேட்டது கேசட் இல்ல. போன்ல இருந்த நகல். இங்க பேட்டரியில ஓடுறது இந்த ஒலிபெருக்கி ஒண்ணுதான். அது யார் போனோட இணைஞ்சிருக்கு, மோமிர்?”

ராதோய்கா ஒலிபெருக்கியின் பின்னால் ஒயர் வைக்கும் சின்னக் கதவைத் திறந்து கையை விட்டாள். கேசட் வந்தது.

கூடம் கூச்சலிட்டது. யாகோதா கையை உயர்த்தி அடக்கினாள்.

“ஏண்டா?”

“மறுபக்கத்துல நான் இருக்கேன்,” என்றான் மோமிர். “அழிச்சிருக்கலாம். அவன் குரலை அழிக்க மனசு வரல.”

8.40. கேசட்டைத் திருப்பிப் போட்டார்கள். இரைச்சலுக்குப் பிறகு ஒரு சிறுவனின் விசும்பல். “ஸ்கூல் மைக்ராஸ்கோப்ப உடைச்சது நான்தான், பாவ்லே. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு.” பிறகு எல்லாருக்கும் பழகிய அந்தக் குரல்: “அழாதடா மோமிர். நான்னு சொல்லிக்கிறேன். எங்கப்பா திட்டத்தான் செய்வாரு.”

யாகோதா மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மைக்ராஸ்கோப்புக்காகப் பாவ்லேயைப் பள்ளியில் ஒரு மாதம் சேர்க்கவில்லை. அப்பா ஒரு வருடம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாகும்வரை, “என் பையன் உருப்படாதவன்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கைப்பேசியை எடுத்து நீஷ் நகரத்துக்கு அழைத்தாள். அம்மாவுக்கு எண்பத்தொரு வயது, காது மந்தம். அதனால் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துக் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“அம்மா! மைக்ராஸ்கோப்ப உடைச்சது நம்ம பாவ்லே இல்லம்மா! மோமிர்! பாவ்லே பழிய ஏத்துக்கிட்டான்! டேப்புல இருக்கு!”

அறுபது பேரும் போனை நெருங்கி வந்தார்கள்.

“எனக்கு அப்பவே தெரியும்!” என்று கூடமே அதிரக் கிழவியின் குரல் வந்தது. “நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸப் பிடி. உங்கப்பன் கல்லறைக்குப் போறோம். அந்த மோமிரையும் இழுத்துட்டு வா, அவன் வாயாலயே அவருகிட்ட சொல்லட்டும்!”

“வரேம்மா,” என்றான் மோமிர், தலையைத் தூக்காமலே.

லூபிங்காதான் முதலில் கை தட்டினாள்.