உள்பக்கம் திரும்பிய பெட்டிகள்

இவனுக்கு எப்படித் தெரியும்? என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன?

"உலகத்துக்கே ரெயின்கோட் அனுப்பறவங்க... இப்படி நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீங்களே!" என்றுதான் அவன் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். துறைமுகத்துப் பொதுக் கிடங்கின் வாசலில், பாதி மழையிலும் பாதி கூரைக்கடியிலுமாக அவள் நின்றிருந்தாள். கூந்தலிலிருந்து சொட்டிய நீர் காது வழியாகக் கழுத்தில் இறங்கியது. இதற்கு முன் அவள் இங்கே வந்ததேயில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து போனிலேயே சரக்கை அனுப்பிவிடுகிறவள் அவள்.

"நான் ரெயின்கோட் கம்பெனின்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"ரெயின்கோட் லாரி வந்து நின்னதும் ஓடிப்போய் பெட்டி நனைஞ்சிருக்கான்னு தடவிப் பார்த்தீங்க. உங்க தலைய ஒரு தடவைகூடத் துடைக்கல. முதலாளி வீட்டு ஆளாத்தான் இருக்கணும்."

கவனித்திருக்கிறான். எதற்காகக் கவனித்தான்?

தன் மஞ்சள் ரெயின்கோட்டைக் கழற்றி நீட்டினான். வேண்டாமென்று சொல்லத்தான் நினைத்தாள்... கை வாங்கிக்கொண்டது. கழுத்துப்பட்டியில் ஊரறிந்த பெரிய கம்பெனி ஒன்றின் சின்னம். அதன் கீழே, தோளில், ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைத் தையல். அவளுடைய அண்ணன் தொழிற்சாலையில் மட்டுமே போடுகிற தையல்.

எங்கள் கோட்டு. அவர்கள் பெயர்.

இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்தது. இவர்கள் தைத்துக் கொடுப்பார்கள். பெரிய கம்பெனி தன் சின்னத்தை ஒட்டிக் கடல் கடந்து விற்கும். "நாமளே நேரா அனுப்பலாம் அண்ணா" என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். வெளிநாட்டுக் கடைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தாள். முதல் சரக்கு கரை சேர்வதற்குள் பெரிய கம்பெனி அவரிடம் பேசி, விலையைக் குறைத்து, அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இரண்டாவது ஆளுக்கும் அதே கதி. வாங்குகிறவர் யாரென்று யாரோ அவர்களுக்குச் சொல்கிறார்கள். யார்?

"இது மூணாவது. இதுவும் போச்சுன்னா பழையபடி அவங்களுக்கே தைப்போம்" என்று காலையில் அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணி பக்கத்தில் நின்று, "அப்பவாவது இவ கல்யாணத்தப் பத்திப் பேசலாம்" என்றாள். அதனால்தான் அவளே நேரில் வந்துவிட்டாள். எல்லோரையும் சந்தேகத்தோடு பார்ப்பதற்காகவே வந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"டார்ச்சு சார், கன்டெய்னர் வந்தாச்சு!" என்று உள்ளேயிருந்து சுமை மேஸ்திரி கூப்பிட்டார்.

கூப்பிட்டது அவனைத்தான். அவன் சரக்குப் பரிசோதகன். காலியான கன்டெய்னருக்குள் போய், கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் நின்று பார்ப்பது அவன் வேலை. எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அதன் வழியே கடல் நீர் வரும்.

"நானும் வரேன்" என்றாள் அவள்.

"உள்ள இருட்டா இருக்கும். பயமில்லையா?"

"வெளிய இருக்கறவங்களப் பார்த்தாத்தான் எனக்குப் பயம்."

கதவைச் சாத்தினார்கள். இரும்பின் மேல் மழை கொட்டுகிற சத்தம்... அதைத் தவிர வேறொன்றுமில்லை. தன் மூச்சு தனக்கே கேட்பது அவளுக்கு வெட்கமாயிருந்தது.

"வெளிச்சம் தெரியுதா?" அவன் குரல் எதிர்பார்த்ததைவிட அருகில் கேட்டது.

"இல்ல."

"நல்லவேளை. எல்லாருக்கும் வெளிச்சம் தெரிஞ்சா சந்தோஷம்... எனக்கு மட்டும்தான் வேலை கெட்டுச்சுன்னு அர்த்தம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு அவன் டார்ச்சைப் போட்டான். ஒரு கணம்தான்... இமை ஓரத்தில் மழைத்துளி ஒட்டியிருந்த அவள் கண்களை அவன் பார்த்தான். பார்த்ததை அவள் பார்த்தாள். உடனே ஒளியைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டான்.

இப்படித்தான் ஆரம்பிக்குமோ? சிரிக்க வைத்து, அப்புறம் கேட்கவேண்டியதைக் கேட்பார்களோ?

வெளியே வந்த சிறிது நேரத்தில் அவள் சந்தேகப்பட்டது கண்ணெதிரே நடந்தது. அவளுடைய பெட்டிகளை அவன் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பெட்டியின் முன் குனிந்தும் எடுத்தான்.

"அந்த டார்ச்சு... ஆளு எப்படி?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

"தங்கமான புள்ளம்மா. பெரிய கம்பெனி முதலாளி இருக்காரே, அவருக்கு அண்ணன் மகன்தான். ஆனா ஒரு பந்தா கிடையாது."

அவள் மேலே இருந்த மஞ்சள் கோட்டு திடீரென்று கனத்தது. கழற்றி ஒரு மூட்டைமேல் போட்டாள். சித்தப்பாவுக்கு வேவு பார்க்கிறவன் கொடுத்த கோட்டு! அதற்கு மயங்கி இருட்டில் நின்று சிரித்தேனே...

கன்டெய்னரில் பாதி ஏற்றியிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டிகளில் அச்சடித்த பக்கம் கதவைப் பார்த்து இருக்கவேண்டும். கதவைத் திறந்ததும் யாருடைய சரக்கு என்று தெரிவதற்காக. இங்கே எல்லாப் பெட்டியும் உள்பக்கம் திரும்பியிருந்தது. கிடங்கில் மிச்சமிருந்தவையும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"யார் இப்படித் திருப்பச் சொன்னா?"

"நான்தான்" என்றான் அவன்.

"உங்க சித்தப்பா சொல்லிக் குடுத்தாரா?"

அவன் முகம் வாடியது. ஆனால் கோபப்படவில்லை. "உங்க ரகசியத்த வெளிய சொல்றது யாருன்னு காட்டட்டுமா? வாங்க."

ஒரு பெட்டியைச் சுவரிலிருந்து தன் பக்கம் திருப்பினான். கொட்டை கொட்டையான எழுத்தில் அதில் அச்சடித்திருந்தது: வாங்குகிற கடையின் பெயர், ஊர், நாடு. தூரத்திலிருந்து பார்த்தாலும் படிக்கலாம்.

"இவங்கதான். ஊர்ப்பட்ட கம்பெனிச் சரக்கும் இங்கதான் நிக்குது. போன லோடு நின்னப்போ சித்தப்பாவோட ஆளு ஒருத்தர் இது முன்னாடி நின்னு, போன்ல யார்கிட்டயோ ஊர் பேர வாசிச்சுக்கிட்டு இருந்தார். மத்தவங்க எல்லாம் ஒரு குறி மட்டும்தான் போடுவாங்க... வட்டம், முக்கோணம், ஏதோ ஒண்ணு. நீங்க விலாசமே போட்டுட்டீங்க."

அச்சுக்காரரிடம் நின்று சண்டை போட்டு, 'இன்னும் பெருசா, சரக்கு வழி தவறக்கூடாது' என்று எழுத்தைப் பெரிதாக்கியவள் அவள்தான். காது மடல் சுட்டது. திருடனைத் தேடி வந்தவள், கதவைத் திறந்து வைத்தது தானே என்று தெரிந்து நின்றாள்.

ஆனாலும் தன்மானம் விடவில்லை. "அப்போ படம் எதுக்கு எடுத்தீங்க?"

போனை அவளிடமே கொடுத்துவிட்டான். படமெல்லாம் பெட்டியின் மூலைகள், ஒட்டுநாடா, ஓரத்தில் ஓர் ஈரக்கறை. சேதக் கணக்குக்காக எடுத்தவை. ஒன்றில்கூடப் பெயரில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சித்தப்பா யாருன்னு தெரிஞ்சதும் கோட்டயே கழட்டிப் போட்டீங்க. நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?"

போனைத் திருப்பிக் கொடுத்தாள். நன்றியும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். இதுவே ஒரு நாடகமாக இருந்தால்? முதலில் நல்லவனாகி, பிறகு கழுத்தறுப்பதாக இருந்தால்? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னையே கேட்டுக்கொண்டாள். இவன் கெட்டவனாகவே இருந்துவிட்டால் எனக்கு எவ்வளவு சௌகரியம்...

சரக்கு போய்ச் சேர்ந்தது. அந்தக் கடைக்காரரை யாரும் இழுக்கவில்லை. மறுபடியும் வேண்டுமென்று கேட்டார். அவருடைய நண்பர் ஒருவரும் கேட்டார். "பரவாயில்லையே..." என்றார் அண்ணன். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிய விஷயம்.

அடுத்த லோடுக்கும் அவளே போனாள். போகவேண்டிய அவசியமில்லை. போனாள். அன்றும் மழை.

பெட்டிகளில் இப்போது பெயரில்லை. ஒரு வட்டம், அதிலிருந்து கீழே விரிகிற ஒளிக்கோடுகள். அவன் அதைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"இது... டார்ச்சா?"

"முட்டைன்னு நினைச்சீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு உள்ள வெளிச்சம் தெரியலன்னு சொன்னீங்க இல்ல... தப்பு. டார்ச்சப் போட்டதும் எனக்குத் தெரிஞ்சுது, உங்க முகத்துல. அதுலேர்ந்து ஒவ்வொரு கன்டெய்னருக்குள்ள போறப்பவும் உங்க சிரிப்புதான் கேக்குது. எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. சித்தப்பா வீட்ல என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கறேன்."

மழை சட்டென்று பலத்தது.

"எனக்கும்தான்" என்றாள், பெட்டியிடம் சொல்வதுபோல. "குறியப் பார்த்தே தெரிஞ்சிருக்கணும்."

அவன் மஞ்சள் கோட்டை விரித்து அவள் தோளில் போட்டான். கழுத்துப்பட்டியில் அவள் விரல் பட்டபோது அங்கே பெரிய கம்பெனியின் சின்னம் இல்லை. பிரித்தெடுத்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

"சரி... இனிமே எனக்கு மட்டுமாவது சொல்லலாம் இல்ல?" அவன் குரலில் விளையாட்டு இருந்தது, விளையாட்டுக்குக் கீழே ஏதோ ஒரு ஏக்கமும். "இந்தச் சரக்கு எந்த ஊருக்குப் போகுது?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். காதலன் கேட்கிற கேள்வி. வேவுகாரனும் இதைத்தான் கேட்பான். இரண்டுக்கும் வார்த்தை ஒன்றாக இருப்பது அவன் குற்றமில்லை. என் குற்றமும் இல்லை.

"இன்னும் சந்தேகமா?"

"தெரியல... இருந்தாலும் இருக்கும்."

துளைகளை விரலால் தடவியபடி அவள் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். கழற்றுகிற எண்ணம் இல்லை. பிறகு மாட்டேன் என்று மிக மெதுவாகத் தலையசைத்தாள்.

"அது மட்டும் வேணாம்."