பத்தொன்பதாம் சேனலில் வெர்னாவின் குரல்

லாரமி ஊருக்கு வெளியே இருக்கும் ட்ரக் நிறுத்தத்துக்குள் வெர்னா தன் வண்டியைத் திருப்பியபோது மத்தியானம் ஆகியிருந்தது. லைலின் கடை வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவளால் நம்பவே முடியவில்லை. வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற சி.பி. ரேடியோ விற்கிற கடை அது. போன வருஷம் வரை அங்கே வாடிக்கையாளர் என்று யாராவது நுழைந்தால், கழிப்பறைக்கு வழி கேட்கத்தான் வந்திருப்பார்கள்.

எல்லாம் அந்தப் பனிமழை செய்த வேலை. குளிர்காலத் தொடக்கத்தில் வயோமிங்கின் தெற்குப் பக்கம் முழுக்க செல்போன் கோபுரங்களில் ஐஸ் கட்டி, அவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒரு வாரத்துக்கு மேல் போன் ஊமை. நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டவர்களில், வண்டியில் பழைய சி.பி. பெட்டி வைத்திருந்தவர்கள் மட்டும் ஒருவருக்கொருவர் பேசிப் பிழைத்தார்கள். போன் திரும்பி வந்துவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. பிக்கப் வைத்திருப்பவர்கள், பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள், குழந்தை குட்டியோடு குடும்பக் காரில் வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் இப்போது சி.பி. வேண்டும்.

வெர்னாவுக்கு அதில் சந்தோஷம்தான். முப்பது வருஷமாக ட்ரக் ஓட்டுகிறாள். கடைசிப் பத்து வருஷம் பத்தொன்பதாம் சேனலில் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினாள். ரோட்டில் எல்லோருக்கும் பொதுவான சேனல் அது. இப்போது அங்கே சந்தைக்கடை மாதிரி பேச்சு.

“பாத்தியா வெர்னா கூட்டத்த?” என்றார் லைல், கவுண்டருக்குப் பின்னால் இருந்து. “சி.பி. செத்துப்போச்சுன்னு எத்தன பேர் எங்கிட்ட துக்கம் விசாரிச்சாங்க! இப்ப குடுக்க சரக்கு இல்ல.”

“ஆட்டம் போடாத. அடுத்த கோடையில எல்லாம் குப்பைக்குப் போகுதா இல்லையா பாரு,” என்றாள் வெர்னா. “எனக்கு மைக் கம்பி இத்துப்போச்சு. அத மாத்திக் குடு மொதல்ல.”

“இல்லடி, இந்தத் தடவ நிக்கும்,” என்றான் அவள் பின்னால் வந்த ஓரின். அவள் புருஷன். அவனுக்குத் தனி ட்ரக். இருவரும் எப்போதும் ஜோடியாகத்தான் சரக்கு எடுப்பார்கள். அவள் முன்னால், அவன் ஒன்றிரண்டு மைல் பின்னால். “ஜனங்களுக்குப் பேச ஆள் வேணும். போன்ல தெரிஞ்சவன்கிட்டதான் பேச முடியும். இதுல யார் வேணா வருவாங்க.”

வரிசையில் நின்ற பருத்த மனிதர் ஒருவர் சட்டென்று திரும்பினார். ராலின்ஸ் ஊர்ப் பல் டாக்டர், பெயர் மெரில். புதிதாக சி.பி. பித்துப் பிடித்தவர் என்பது தொப்பியில் குத்தியிருந்த சி.பி. சின்னத்திலேயே தெரிந்தது.

“இந்தக் குரல்! நீங்கதான வாயாடி?”

ரோட்டில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வெர்னாவுக்கு வாயாடி, ஓரினுக்குத் தூங்குமூஞ்சி. இரண்டும் பொருத்தமாகத்தான் இருந்தன.

“நானேதான்.”

“செவ்வாக்கெழம ஆர்லிங்டன் மேட்டுல எனக்கு ரோடு சொன்னீங்களே மேடம்! நல்லாருக்கு, தைரியமா வாங்கன்னு. சொல்லி முடிக்கல, முன்னாடி ஒரு வண்டி குறுக்க நிக்குது. எப்படியோ ஒடிச்சுத் தப்பிச்சேன். நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க, தெரியும். ஆனா கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

வெர்னாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “செவ்வாக்கெழம நான் நெப்ராஸ்காவுல சோளம் ஏத்திக்கிட்டு இருந்தேன். வேற எவளோ. என் வாயில ரோடு விஷயமா பொய் வராது.”

அது வெறும் வீம்பு இல்லை. எதிரே வருகிறவன் கடந்து வந்த ரோடுதான் நமக்கு முன்னால் இருக்கிற ரோடு. அதனால் எதிரும் புதிருமாகப் போகிறவர்கள் ‘உனக்குப் பின்னால எப்படி?’ என்று கேட்டுக்கொள்வார்கள். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குச் சொல்வான். முகம் தெரியாதவனாக இருந்தாலும் நம்பி ஓட்டுவார்கள். குடிகாரன், திருடன், மனைவியை ஏமாற்றுகிறவன் எல்லோரும் அந்தச் சேனலில் உண்டு. ரோட்டைப் பற்றிப் பொய் சொன்னவன் என்று மட்டும் ஒருத்தனும் கிடையாது.

டாக்டர் போன பிறகு லைல் மைக்கை அவள் கையில் கொடுத்தார். கொடுத்த கையை எடுக்கவில்லை.

“வெர்னா, இன்னைக்கு மேட்டுல காத்து ஜாஸ்தி. ரோடு நல்லாருக்குன்னு யார் சொன்னாலும் நம்பாத.” குரலைத் தாழ்த்தினார். “தெரிஞ்ச குரலா இருந்தா சுத்தமா நம்பாத.”

“என்ன ஒளர்ற? நம்பக் கூடாதுன்னா இந்தப் பொட்டி எதுக்கு?”

“போன் வந்துதான் சி.பி. செத்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்றான். மத்த எடத்துல இருக்கலாம். இங்க, இந்த மேட்டுல ஓட்டுன பழைய ஆளுங்க போன் வர்றதுக்கு முன்னாடியே பொட்டிய அணைச்சுட்டாங்க. ஒவ்வொருத்தரா. ஏன்னு யாரும் பேச மாட்டாங்க. எங்கப்பாவும் சொல்லல. கேக்க ஆள் இல்லாம அது இத்தன வருஷம் சும்மா கெடந்துச்சு.”

“எது?”

லைல் வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார். “அடுத்தவங்க வாங்க,” என்றார் சத்தமாக.

சாப்பிடும்போது வெர்னா இதை ஓரினிடம் சொன்னாள். அவன் சூப் கிண்ணத்திலிருந்து நிமிராமலே சிரித்தான். “முப்பது வருஷமா என் காத துளைக்கிற குரலுடி அது. ஆயிரம் பேர் கத்தினாலும் ஒன்ன எனக்குத் தெரியும். நீ வான்னா வருவேன், நில்லுன்னா நிப்பேன். போதுமா?”

போதும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

கிளம்பிய அரை மணியில் காற்று பிடித்தது. வானத்திலிருந்து பனி விழவில்லை. மேலே சூரியன் இருந்தது. தரையில் கிடந்த பனியைத்தான் காற்று வாரி எடுத்து ரோட்டின் குறுக்கே இறைத்தது. முதலில் டயர் உயரத்துக்கு ஓடியது, பிறகு ஜன்னல் உயரத்துக்கு ஏறியது. ஆர்லிங்டன் மேடு ஏறும்போது வண்டியின் மூக்கே அவளுக்குத் தெரியவில்லை. இருட்டு என்றால் விளக்குப் போடலாம். பட்டப்பகலின் வெள்ளைக்கு எந்த விளக்கும் உதவாது.

பெட்டிக்குள் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள்.

கடைசியில் ஒரு சத்தமும் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

வெர்னா பெட்டியைப் பார்த்தாள். பேசுகிறவன் எவ்வளவு கிட்டே இருக்கிறான் என்று காட்டுகிற சின்ன முள் ஒன்று அதில் உண்டு. தூரத்தில் இருந்தால் லேசாக ஆடும், பக்கத்து வண்டி என்றால் எம்பும். இப்போது அது வலது கோடியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. யாரோ மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். ரொம்பப் பக்கத்தில்.

அவளுக்கு முன்னாலும் யாரும் இல்லை, பக்கத்திலும் யாரும் இல்லை.

“யாரது? கைய எடு,” என்றாள்.

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவள் மூச்சை அடக்கிப் பார்த்தாள். அதுவும் அடங்கியது.

அப்போது வெள்ளைக்குள் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அசையாத சிவப்பு. வெர்னா பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை ஒடித்து, கடவுளை ஒரு கெட்ட வார்த்தையோடு சேர்த்துக் கூப்பிட்டாள். வண்டி வழுக்கிக்கொண்டே போய் ரோட்டோரச் சரிவில் இறங்கிச் சாய்வாக நின்றது. காற்று ஒரு கணம் திரையை விலக்கியது. எதிரே ட்ரக்குகளும் கார்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எரிந்த ரப்பர் வாடை உள்ளே வந்தது. யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

அவளுக்கு நினைவு வந்தது ஒன்றே ஒன்றுதான். பின்னால் ஓரின் வருகிறான்.

மைக்கைப் பிடுங்கினாள். “ஓரின், நிறுத்து! மேட்டுல வண்டியெல்லாம் மோதிக் கெடக்கு! அங்கேயே நிறுத்திடு!”

பொத்தானை விட்டாள். முள் அப்படியே வலது கோடியில் இருந்தது.

சி.பி.யில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் பேசினால் பலம் கூடியவன் குரல்தான் போகும். மற்றவன் தொண்டை கிழியக் கத்தினாலும் அவன் வண்டிக்குள்ளேயே நின்றுவிடும். அவள் பேச்சு எங்கும் போகவில்லை.

மறுபடி அழுத்தினாள், கத்தினாள், விட்டாள்.

அப்போது முள் சட்டென்று கீழே விழுந்தது. திரும்பி வந்த இரைச்சலுக்கு நடுவே ஓரினின் குரல் மெதுவாக, தூக்கக் கலக்கம் போன்ற அந்த வழக்கமான இழுவையோடு வந்தது. “வாயாடி, அங்க எப்படி இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியல இங்க. ஓரமா நிக்கவா?”

“நில்லு! நில்லு!” என்று அழுத்தினாள் வெர்னா.

விட்டபோது பெட்டி பேசிக்கொண்டிருந்தது.

“...எடத்துல நிக்காதய்யா, பின்னால வர்றவன் ஏறிடுவான். இங்க மேல வெயில் அடிக்குது. ரோடு சுத்தமா இருக்கு. தைரியமா வா.”

அவளுடைய குரல். அவளுடைய அதே கரகரப்பு, வாக்கிய முடிவில் அவள் விடும் அதே அரைச் சிரிப்பு.

மைக் அவள் மடியில் கிடந்தது.

“அப்படியா? சரி, வந்துட்டேன்,” என்றான் ஓரின். “காப்பி மிச்சம் வை. எல்லாத்தையும் நீயே குடிச்சிடாத.”

வெர்னா கதவைத் தள்ளித் திறந்து கீழே விழுந்தாள். எழுந்து, ரோட்டோரமாகக் கீழ்நோக்கி ஓடினாள். கையில் டார்ச்சை வைத்து ஆட்டினாள். பனி வாயில் புகுந்தது. அவன் எஞ்சின் சத்தம் அவளுக்குத் தெரியும். அது நல்ல வேகத்தில், மனைவி சொன்னதை நம்பி வருகிற வேகத்தில் வந்தது. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக் கையை ஆட்டியபடி நிற்க, அந்த ட்ரக் ஒரு கை எட்டுகிற தூரத்தில் அவளைக் கடந்தது. ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது. அவன் பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டபோது அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ்காரர் நல்ல மனிதர். ஆஸ்பத்திரி நடையில் அவள் தோளில் போர்வையைப் போட்டுவிட்டு, தயங்கித் தயங்கித்தான் கேட்டார். “மேடம், பொழச்ச நாலு டிரைவரும் ஒரே மாதிரி சொல்றாங்க. நீங்கதான் வரச் சொன்னீங்கன்னு.” பல் டாக்டர் மெரிலும் அந்தக் குவியலில்தான் இருந்தார், இடுப்பு ஒடிந்து. அவர் வெர்னாவின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சத்தியம் செய்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

ஓரினைப் புதைத்த பிறகு அவள் லைல் கடைக்கு ஒரு தடவை போனாள். வரிசை இன்னும் நீண்டிருந்தது. விபத்துச் செய்தி பரவியதில் இன்னும் நிறையப் பேருக்குப் பயம், இன்னும் நிறையப் பேருக்கு சி.பி. வேண்டும். லைல் அவளைப் பார்த்ததும் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

“தெரிஞ்சும் ஏன்யா விக்கிற?” என்றாள்.

“நான் விக்கலன்னா வேற எவனாவது விப்பான், வெர்னா,” என்றார். கீழே வைத்த பெட்டியை மறுபடி கையில் எடுத்தார்.

அடுத்த குளிர்காலம் வந்தது. காற்று அடிக்கிற நாளெல்லாம் வெர்னா மேட்டின் அடிவாரத்தில் வண்டி நிறுத்தும் காலித் திடலில் தன் ட்ரக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சரக்கு எடுப்பதை விட்டுவிட்டாள், இரவில் ட்ரக்கிலேயே, இருக்கைக்குப் பின்னால் திரை போட்ட படுக்கையில் தூங்கினாள். பத்தொன்பதாம் சேனலில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே பல்லவி: மேட்டில் யார் வரச் சொன்னாலும் நம்பாதீர்கள். புதியவர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

“அம்மா, கொஞ்சம் வாய மூடுறீங்களா? ரோடு கேக்க முடியல,” என்றான் ஒருவன். “அந்தத் தூங்குமூஞ்சி ஆளுதான் இங்க ஒழுங்கா பேசுறாரு. எப்பவும் ரோடு நல்லாருக்குன்னு அவர்தான் தைரியம் சொல்றாரு.”

வெர்னாவின் கை மைக்கிலிருந்து நழுவியது.

இரைச்சல் நின்றது.

“வாயாடி,” என்றது பெட்டி. அதே இழுவை. “அங்க எப்படி இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியல இங்க. ஓரமா நிக்கவா?”

இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டாள். ஒரு வருஷமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். கண்ணீர் கன்னத்தில் வழிய, ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னாள். “நில்லு ஓரின். அங்கேயே நில்லு. வராத. யார் கூப்பிட்டாலும் வராத.”

விட்டாள். முள் கீழே கிடந்தது. அவள் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

முள் லேசாக ஆடியது.

பிறகு ஓரின் மெல்லக் கேட்டான். “இப்பதான் ஒருத்தி வான்னா. நீ நில்லுங்குற. ரெண்டும் ஒரே குரல். இதுல எதுடி நீ?”

அவள் மைக்கைத் தூக்குவதற்குள் முள் எம்பி வலது கோடிக்குப் போனது. திடலில் வேறு வண்டி இல்லை. வண்டிக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை.

“நான்தான்யா,” என்றது அவள் குரல், வாக்கிய முடிவில் அந்த அரைச் சிரிப்போடு. பெட்டியிலிருந்து வரவில்லை. அவளுக்குப் பின்னால், படுக்கைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.