அழிக்குமுன் எடுத்த நகல்

லேப்டாப்பை மேஜைமேல் வைத்த கையோடு அந்தப் பெண் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். வெளியே மழை கொட்டியது. ரிப்பேர் கடைக்குள் கடைக்காரர், அவள், அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த ஐந்து வயது மகள், அவ்வளவுதான்.

கணவன் வெல்டர். சாரம் சரிந்து உயரத்திலிருந்து விழுந்து செத்தவன். அதற்கு முந்தின வாரம்தான் லேப்டாப் முழுவதையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுத்து வைத்திருந்தான். அதையும் கொண்டுவந்திருந்தாள்.

"அந்த பேக்கப்பை ஏத்திக் குடுங்கண்ணே. இப்ப உள்ள இருக்கறதை அடியோட அழிச்சிடுங்க. நகல்கூட வேணாம்."

"ஏம்மா, வைரஸா?"

"இருமுது."

அவர் சிரித்துவிட்டார். "லேப்டாப்புக்குச் சளி பிடிச்சு நான் பார்த்ததில்லையே!"

அவள் சிரிக்கவில்லை. "மூடி வச்சாலும் இருமுதுண்ணே. அவர் இருமல். அப்புறம் 'பாப்பா, மேல வா'ன்னு கூப்பிடுது. நேத்து இவ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல ஏறி நின்னா. நான் மட்டும் பார்க்கலைன்னா..."

பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார். இப்படி அழிக்கச் சொல்லிவிட்டு மறுநாளே வந்து அழுதவர்கள் எத்தனை பேர்! நகல் எடுக்காமல் எதையும் அழிக்க அவருக்குக் கை வராது. அவளிடம் சொல்லாமல், மேஜைக்கடியில் இருந்த தன் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டார். அப்புறம்தான் லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டு பேக்கப்பை ஏற்றினார்.

திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. கருகிய இரும்பு வாடை கடையை நிறைத்தது. சூடாகிவிட்டதோ என்று லேப்டாப்பைத் தொட்டார். பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது.

கோடு முடிந்தது. திரையில் கணவன் ஹெல்மெட்டோடு பல்லைக் காட்டிச் சிரித்தான்.

காது கொடுத்துக் கேட்டார்கள். மழைச் சத்தம் மட்டும்தான்.

"போயிடுச்சுண்ணே." அவளுக்கு இப்போதுதான் மூச்சே வந்தது. "வாடி தங்கம், போலாம்."

மகள் அசையவில்லை.

மேஜைக்கடியில் யாரோ இருமினார்கள்.

நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டு வரும் வறட்டு இருமல்.

"நகல் எடுத்தீங்களா?" என்றாள் அவள்.

அவர் ப்ளக்கைப் பிடுங்கினார். உள்ளே விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியைப் பிரித்து, டிஸ்கைப் பிய்த்து, சுத்தியலால் நொறுக்கித் தள்ளினார்.

விசிறி நின்றது.

"பாப்பா..."

இப்போது கூரையிலிருந்து.

மகள் அண்ணாந்து பார்த்தாள். தூக்கச் சொல்லும் குழந்தைபோல இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"வரேம்ப்பா."

தாய் பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கடைக்காரர் ஓடிவந்து கால்களைப் பிடித்தார்.

சின்னக் குதிகால்கள் இரண்டும் அவர் பிடிக்குள் இருந்தபடியே தரையை விட்டு எழும்பின.