இரண்டாவது குழாய்

காலை 10.40.

ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நின்ற இரும்புத் தொட்டிக்குள்ளிருந்து தம்பியை வெளியே இழுத்துப் போட்டார்கள். விரல்களில் பிரஷ் இறுகியிருந்தது. உதடு கறுத்துவிட்டது. நாடி பார்க்கவே அவசியமில்லை.

11.25.

இன்ஸ்பெக்டர் பட்டறைக்குள் நுழைந்தார். ஸ்டேஷனில் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாளுக்குப் பெயர் ‘இஞ்ச் டேப்’. பையில் எப்போதும் அளவு நாடா. எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லத் தெரியாது. ஒப்புக்கு ஆறுதல் சொல்லக்கூட வராது.

பட்டறை முதலாளியான அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி நின்றார்.

“பெயிண்ட் நெடி ஆளைத் தூக்கிடும் மேடம். வெளியேருந்து மெஷின் வெச்சு உள்ளே காத்து அடிப்போம். நாலு இஞ்ச் குழாய் காலைல கிழிஞ்சுபோச்சு. ரெண்டு இஞ்ச் குழாயைக் கட்டச் சொன்னேன். இந்தப் பெயிண்டுக்குப் பாதிக் காத்து போதும்னு டப்பாவுலயே போட்டிருக்கு. நாலுல பாதி ரெண்டு. நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன், எனக்கு வேற என்ன தெரியும்?” என்றவர், கீழே உட்கார்ந்திருந்த தம்பி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். “கட்டினது என்னவோ இவ கைதான்.”

அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏட்டு காதோரம் குனிந்தார். “விபத்துதான் மேடம். குழாய் கட்டின பொம்பள மேல அஜாக்கிரதைன்னு ஒரு கேஸ் போட்டு உள்ளே தள்ளிட்டா, சாப்பாட்டுக்குப் போயிடலாம்.”

“உங்களுக்குப் பசி எடுத்தா நீங்க போங்க.”

இன்ஸ்பெக்டர் பட்டறையைச் சுற்றி வந்தார். மூலையில் காய்ந்துகொண்டிருந்தது ஒரு புதுப் பெயர்ப்பலகை.

“யாரோடது?”

“தம்பியோடது. திங்கக்கிழமை தனியாப் பட்டறை போடறதா இருந்தான். என் ஆளுங்க ஆறு பேரும் அவன்கூட. போறவனைப் பிடிச்சா வைக்க முடியும்?”

சுவரில் நீலப் பெயிண்டால் முத்து முத்தான எழுத்து: ‘இரண்டடி மூடி – நாலு கரண்டி. ஓரடி மூடி – ஒரு கரண்டி.’

“இது?”

“நான் எழுதினது மேடம். வட்ட மூடிக்கு எவ்வளவு பெயிண்ட்னு. விட்டா அள்ளி ஊத்திடுவானுங்க. கலக்கறதும் நான்தான், அளக்கறதும் நான்தான். ஒரு சொட்டு பிசகாது.”

சோகத்திலும் குரலில் ஒரு மிடுக்கு.

இன்ஸ்பெக்டர் ஆணியில் தொங்கிய குழாய்களிடம் போனார். எல்லாவற்றிலும் தூசி. ஒரு ரெண்டு இஞ்ச் குழாயில் மட்டும் இல்லை. அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் எதிரில் வந்து குத்துக்காலிட்டார்.

“எத்தனை குழாய் எடுத்துட்டு வந்தே?”

“ரெண்டு. மெஷின்ல ரெண்டு வாய் இருக்கு, ரெண்டையும் மாட்டிடலாம்னு. ஒண்ணு போதும்னு இந்த மாமாதான் என் கையிலேருந்து இன்னொண்ணை வாங்கிட்டுப் போயிட்டாரு.”

“துக்கத்துல உளறுது,” என்றார் அண்ணன். “ஒண்ணுதான் எடுத்தா. நான் குழாய் பக்கமே போகல.”

12.10.

“அப்போ இந்தக் கட்டைவிரல் யாரோடது?” இன்ஸ்பெக்டர் குழாயை அவர் மூக்கருகே நீட்டினார். நீல ரேகை, இன்னும் பிசுபிசுத்தது. “இன்னிக்குக் கலக்கின பெயிண்ட். கலக்கறது நீங்கதான்னு நீங்களே சொன்னீங்க. ஒரு குழாய் பாதிக் காத்துன்னா, உங்க கணக்குப்படி ரெண்டு குழாய் முழுக் காத்து. சும்மா வந்த காத்தை ஏன் தடுத்தீங்க?”

“ஏதோ... போதும்னு தோணுச்சு.”

“விட்டம் பாதியானா குழாயோட வாய் பாதியாகாது. கால்வாசியாகும். ஆரம் ரெண்டுன்னா பரப்பு பன்னெண்டரைச் சொச்சம். ஆரம் ஒண்ணுன்னா மூணு சொச்சம். உங்க தம்பிக்குப் போனது கால் பங்கு.”

“அதெல்லாம் எனக்கென்ன மேடம் தெரியும்?”

“தெரியும்.” அளவு நாடாவின் நுனியால் சுவரைத் தட்டினார். “ரெண்டடிக்கு நாலு, ஓரடிக்கு ஒண்ணு. பெயிண்டுக்குத் தெரிஞ்ச கணக்கு தம்பிக்கு மட்டும் மறந்துபோச்சா?”

அண்ணன் துண்டை வாயிலிருந்து எடுத்தார். அதற்குப் பிறகு அழவில்லை. “ஆறு பேரையும் கூட்டிட்டுப் போறேன்னான்,” என்றார், ஏதோ பஸ் தவறிப்போனதைச் சொல்வதுபோல.

12.50.

அண்ணனை ஏற்றிய ஜீப் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. தம்பி மனைவி சுவரின் முன்னால் நின்றிருந்தாள்.

“மேடம். ஓரடி மூடி ரெண்டு பூசினா ரெண்டு கரண்டி. நாலுல பாதி.”

இன்ஸ்பெக்டர் நாடாவைச் சுருட்டினார்.

“பாதி போதும்னுதானே டப்பாவுல போட்டிருக்கு?” என்றாள் அவள்.

“ஆமா.”

“அந்த ரெண்டாவது குழாய் என் கையில இருந்துச்சு. கேட்டதும் குடுத்துட்டேன். குடுக்காம இருந்திருந்தா?”

கூட்டவோ குறைக்கவோ தெரியாத அந்த அம்மாள் நாடாவைப் பையில் போட்டார்.

“இருந்திருப்பார்.”