நெற்றிச் சூடு

மருதமுனைச் சந்தியில் பஸ் நின்றபோது பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து கலைந்துகொண்டிருந்தார்கள். சுஹறா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் போகும் மணல் ஒழுங்கைக்குள் இறங்கினாள். இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறிகள் தட்டிக்கொண்டிருந்தன. வயிற்றில் ஐந்து மாதம். மூச்சு வாங்கியது. ஆனாலும் அவள் எங்கும் நிற்கவில்லை.

அந்தப் பொம்மையைக் கடலில் விட்டுவிட்டதாகத்தான் அவள் கணவன் அஹ்ஸன் சொல்லியிருந்தான். பிஸ்மி சொல்லி விட்டதாகக்கூடச் சொன்னான். முந்தாநாள் பக்கத்து வீட்டு மீராசா, அதை றபீக்காவின் வீட்டில் கொடுக்க அஹ்ஸனைத் தன் மோட்டார்சைக்கிளில் ஏற்றிப்போன கதையைப் பேச்சுவாக்கில் சொன்னார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

றபீக்காவை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஜின் குடியேறிவிட்டதென்று ஆட்கள் பயந்து கழிக்கும் பொம்மைகளையும் விளையாட்டுச் சாமான்களையும் அவள் வாங்கி வைத்துக்கொள்வாள்.

பொம்மை மகள் ஸம்றாவுடையது. குவைத்திலிருந்து மாமி கொண்டுவந்தது. உருவம் இருக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டார்கள் என்று அஹ்ஸன் வீட்டில் ஒரு போட்டோகூட எடுக்க விட்டதில்லை. சுஹறா பொம்மையை அலுமாரிக்குள் ஒளித்து வைத்து, அவன் இல்லாத நேரம் மகளிடம் கொடுப்பாள். அதே வட்ட முகம். அதே நாடிக்குழி. ஸம்றாவை வைத்துச் செய்தது போல இருந்தது.

ஐந்து வயதில் மூளைக்காய்ச்சலில் ஸம்றா மவுத்தாகி அடக்கமானாள். காய்ச்சலில் கிடந்த நாட்களில் சுஹறா ஈரத்துணியை மாற்றி மாற்றி நெற்றியில் போட்டாள். துணியை எடுக்கும்போதெல்லாம் பிள்ளை கன்னத்தைத் திருப்பி, குளிர்ந்த உள்ளங்கையில் அழுத்திக்கொள்ளும்.

பிள்ளையின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு, பொழுதுபடும் ஒரு மஃரிப் நேரம், அலுமாரியைத் திறந்த சுஹறாவின் கை பொம்மையில் பட்டது.

அதன் நெற்றி சுட்டது.

அவள் பயப்படவில்லை. ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். தினமும் அப்படிச் செய்தாள். ஒருநாள் அஹ்ஸன் கண்டுவிட்டான். அடுத்த நாள் அலுமாரியில் பொம்மை இல்லை.

வாசலுக்கு வந்த றபீக்கா மெலிந்த மனிசி. வந்த காரியத்தைக் கேட்டதும் முகம் மாறவில்லை.

"ஓம், இங்கதான் இரிக்கி. இரி மகள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்பம்."

"இதுகளோட தனிய இரிக்கப் பயமில்லியா ராத்தா?"

"மனிசரை விட நல்லம். சோறு கேக்காதுகள்."

பின்னால் தறிக்கொட்டில். தறிகள் ஓய்ந்து வருடங்கள் இருக்கும். பழைய நூல்கஞ்சியின் புளித்த வாடை. ஓலைக் கிடுகின் ஓட்டைகளால் வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. தறிக்கட்டைகள் முழுக்கப் பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. நடுவில் மேளம் தட்டும் ஒரு குரங்கு. சில்லு கழன்ற ஒரு வண்டி.

கண்ணில் பட்ட பொம்மைகள் ஒன்றுக்கும் முகம் இல்லை.

கண், மூக்கு, வாய் எதுவும் இல்லாமல், உரித்த முட்டை போல வழவழவென்று இருந்தன.

"எல்லாத்திட முகத்தையும் நீங்களா அழிச்ச?" என்று சுஹறா கேட்டாள்.

"எனக்கு வேற வேல இல்லியா? வரக்கொள்ள எல்லாம் முகத்தோடதான் வந்த. குடுத்தவங்க மறக்க மறக்கத் தானாப் போகுது." றபீக்கா ஒரு பொம்மையின் சட்டையை நீவிவிட்டாள். "உங்கட மனிசன் மாசா மாசம் வாறவர். உள்ளுக்கு வரமாட்டார். வாசல்ல நிண்டு, முகம் இன்னும் போகல்லியா எண்டு கேப்பார்."

மாதா மாதம் நெல்லுக்கடைக்கென்றுதான் அவன் புறப்பட்டுப் போவான். அவளும் மடித்த சாரனை எடுத்துக் கொடுத்தனுப்புவாள்.

"கடைசியா வந்த நேரம், இதுல எது எங்கட எண்டு கேட்டார்" என்றாள் றபீக்கா.

அவள் காட்டிய இடத்தில் அது இருந்தது. வாய் போயிருந்தது. நாடிக்குழி போயிருந்தது. வலது கண் மட்டும் மிச்சம்.

அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லையே. அந்தக் கண் என்னுடையது என்று சுஹறா நினைத்தாள். ஸம்றா சிரிக்கும்போது வாய் எப்படி இருக்கும் என்று மனதில் கொண்டுவரப் பார்த்தாள்.

வரவில்லை.

பொம்மையைத் தூக்கிப் பைக்குள் வைத்தாள். இதை அவர் முன்னால் வைத்துக் கேட்பேன் என்றாள்.

றபீக்கா முதல் தடவையாக அவள் கையைப் பிடித்தாள். "கொண்டு போறதெண்டால் போ. மறந்த ஆளுக்கு முன்னால மட்டும் வெக்காத. காய்ச்சல் போல அதுவும் தொத்தும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கோடியில் தனியாக இருந்த ஒரு பொம்மையை றபீக்கா பார்த்தாள். சீத்தைத் துணிச் சட்டை, முகம் இல்லை.

"அது என்ட எண்டு சொல்றாங்க மகள்."

கல்முனைக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பையைத் திறந்து பொம்மையை வெளியே எடுத்தான். சிரிக்கப் போனான். அவனுடைய கட்டைவிரல் அதன் நெற்றியில் பட்டது.

சட்டென்று பைக்குள் போட்டான். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, அவளைப் போகச் சொல்லித் தலையசைத்தான்.

வழி முழுக்கச் சுஹறா மகளின் அடையாளங்களை ஓதுவது போலச் சொல்லிக்கொண்டே வந்தாள். வலது காதுக்குக் கீழே மச்சம். உடைந்த பால்பல். உச்சியில் இரட்டைச் சுழி.

அஹ்ஸன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். சுஹறாவுக்கு றபீக்கா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் மனது எரிந்தது. பொம்மையை எடுத்து அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

அவன் பொய் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். கோபிப்பான் என்று எதிர்பார்த்தாள். இரண்டுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

அஹ்ஸன் எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து, அன்பாகத்தான் கேட்டான்.

"முதல் புள்ள வரப்போற வீட்டுல இது என்னத்துக்கு சுஹறா?"

அவன் முகத்தில் பொய் இல்லை. முதல் பிள்ளை இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் நாக்கு நுனிவரை வந்து, நின்றது.

அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். மஃரிப் பாங்கு சொல்லத் தொடங்கியது.

மச்சம். பால்பல். இரட்டைச் சுழி.

திரும்பச் சொன்னாள். மச்சம். பால்பல்.

திரும்பவும். மச்சம்.

காதுக்குக் கீழே.

யாருடைய காது?

பாங்கு முடிந்தது.

கட்டில் ஓரத்தில் சுஹறா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழைய பொம்மை. முகமே இல்லை. இதை எங்கே எடுத்தோம் என்று யோசித்தாள். வெளியே அஹ்ஸன் தேத்தண்ணி கேட்டான். நாளைக்கு இதை எறிந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அதை நகர்த்தினாள். கை அதன் நெற்றியில் பட்டது.

சுட்டது.

அவள் எழுந்தாள். பழைய சீலையில் ஒரு துண்டு கிழித்தாள். குடத்துத் தண்ணீரில் நனைத்தாள், பிழிந்தாள், மடித்தாள். நெற்றியில் போட்டாள். ஏன் செய்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணீர் ஏன் வழிகிறதென்றும் தெரியவில்லை.

துணி காய்ந்தது. மாற்றுவதற்காக எடுத்தாள்.

அந்த வழவழப்பான கன்னம் மெல்லத் திரும்பி, அவளுடைய குளிர்ந்த உள்ளங்கையில் அழுத்திக்கொண்டது.