கடைசி அறையின் சிவப்பு விளக்கு

தலைமை நர்ஸாகப் பொறுப்பேற்க அவள் வந்த மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வார்டில் பினாயில் வாசனையும் ஈரத்துணி வாசனையும் கலந்து கிடந்தன. தாழ்வாரத்தின் கோடியில் பூட்டிய சிகிச்சை அறை. அதன் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

உள்ளே யாராவது மணியை அழுத்தினால் எரிகிற விளக்கு அது. ஒருவர் உள்ளே போய்த்தான் அணைக்க முடியும்.

"அதைப் பாக்காதீங்க சிஸ்டர்," என்றாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா. "இங்க யாரும் பாக்கறதில்ல."

பார்க்கத்தான் அவள் இந்த வார்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். இங்கே நர்ஸாக இருந்தவள் அவளுடைய தங்கை. ஒருநாள் அந்த அறையில் பெரிய டாக்டர் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் மணியை அழுத்தினாள். விளக்கு எரிந்ததை வார்டே பார்த்தது. உள்ளே இருப்பவர் பெரிய டாக்டர் என்பதால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தங்கை புகார் கொடுத்தாள். நிர்வாகம் சும்மா இருக்குமா? உடனே நடவடிக்கை எடுத்தது. தங்கையைத் தொற்றுநோய் வார்டுக்கு மாற்றியது. அங்கே தொற்றிய காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பின் விளக்கு தானாக எரிய ஆரம்பித்தது. நிர்வாகம் பல்பைக் கழற்றியது. வயரை வெட்டியது. கடைசியில் அறையையே பூட்டியது. டாக்டரை மட்டும் தொடவில்லை.

பல்பு இல்லாமலே எரிந்தது.

"விசாரணை என்ன ஆச்சு சார்?" என்று நிர்வாக அதிகாரியிடம் போய்க் கேட்டாள்.

"புகார் குடுத்த பொண்ணே இல்லையேம்மா. இனிமே அதைக் கிளறி ஆஸ்பத்திரி பேரைக் கெடுக்கணுமா?"

அவள் நேராக வார்டுக்குத் திரும்பினாள். ஆயாவிடம் சாவியை வாங்கிப் போய்க் கதவைத் திறந்தாள்.

உள்ளே யாரும் இல்லை. சுவரில் மணியின் பொத்தான் அமுங்கியே இருந்தது. அதை விடுவிக்க விரலை வைத்தாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது.

சில்லென்று. நடுங்கிக்கொண்டு.

"நான் வந்துட்டேன்டி," என்றாள்.

காதோரம் ஒரு கிசுகிசுப்பு. "அக்கா... அவரு போயிட்டாரா?"

வெளியே பெரிய டாக்டரின் சிரிப்புச் சத்தம் கடந்து போனது. எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. செத்தும் அந்த ஆளுக்குப் பயந்து நிற்கிற பிள்ளையிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"இல்லடி. இன்னும் இங்கதான் இருக்கான்."

விரல் விலகியது. பொத்தான் வெளியே வந்தது. வாசலில் விழுந்திருந்த சிவப்பு அணைந்தது.

தாழ்வாரத்தில் ஆயா அலறினாள்.

இப்போது எதிரே இருந்த மருந்து அறையின் கதவுக்கு மேலே சிவந்திருந்தது. தலைமை நர்ஸ் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். பெரிய டாக்டர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். வேலைக்குப் புதிதாக வந்த நர்ஸ் சுவரோடு ஒட்டி விம்மிக்கொண்டிருந்தாள். இவள் அந்தப் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அன்று எழுந்திருக்காத வார்டு முழுக்க இன்று வாசலில் வந்து நின்றது.

"மணி அடிச்சது யாரு?" என்று டாக்டர் கத்தினார்.

மருந்து அறையில் மணியே கிடையாது. கதவுக்கு மேலே விளக்கும் கிடையாது.

வெறும் சுவர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.